பென்சில் தேதி

மாசிக் கடல் படிந்த வாரம்
சந்தியாகுவை ஜாமீனில் விட்டார்கள்.
சேவலை விடவில்லை.
ஸ்டேஷன் வேப்பமரத்தடியில்
ஒற்றைக்கால் கயிற்றில் நின்றது எங்கள் கீரி,
வழக்குச் சொத்து எண் நான்கு.
ஏட்டையா தன் சாப்பாட்டிலிருந்து சோறு வைத்தார்.
சோறு வேண்டாம் சார், உடம்பு கனத்துவிடும் என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

‘சண்டைக்கா வளக்குறீங்க?’
இல்லை சார்.
‘பந்தயத்துக்கு?’
இல்லை.
‘தம்பி விட்டது ஒனக்குத் தெரியாது?’
தெரியாது.
அந்த நேரம் பார்த்துக் கூவியது, சனியன்.
மூக்கையூர்க் கோயிலில்
பெரிய வெள்ளி வாசிப்பில் இராயப்பர் வரும்போது
நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

சண்டைக்கு விடமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுத் தூக்கி வந்தேன்.
சந்தியாகு மண்டபத்தில் விசைப்படகுக்குப் போய்விட்டான்.
ஏழு சேவல், ஒன்பது பெட்டை, என் தலையில்.
ஒன்றை ஒன்று பார்க்காதபடி
கிழிந்த வலைமேல் உரச்சாக்கு தைத்துத் தொங்கவிட்டேன்.
பைக் கண்ணாடிக்கும் உறை.
முள்ளை ஆக்சா பிளேடால் அறுத்து மஞ்சள் அப்பும்போது
அது பேசாமல் நிற்கும்.
நடுங்குவது என் கை.

‘அழகுக்குத்தான்க்கா, கண்காட்சிக்கு’ என்கிறார்கள் போனில்.
நேரில் வருகிறவன் மூக்கைப் பார்ப்பதில்லை,
வாலைப் பார்ப்பதில்லை,
தொடையை அமுக்கிப் பார்க்கிறான்.
விரலில் கத்தித் தழும்பு இருப்பவனுக்கு
முட்டைகூடக் கிடையாது என்று வைத்திருந்தேன்.
போன மாதம் ஒருவன்
கொளுத்துகிற வெயிலில் கையுறையோடு வந்தான்.
கொடுத்தேன்.
ஐஸ் கம்பெனிக்குப் பாக்கி இருந்தது.

ஏட்டையா இந்த மாதம் ஓய்வு பெறுகிறாராம்.
‘அந்தக் கீரி வம்சத்துல ஒரு குஞ்சு கெடைக்குமாம்மா?
சும்மா வாசல்ல நின்னாப் போதும்.’
சும்மா நிற்கிற கோழி வேறே, ஐயா.
அது பண்ணையில் கிடைக்கும்.

இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றிய அன்று
காற்று சாக்கைப் பிய்த்துக்கொண்டு போனது.
காய்கிற நெத்திலியை வாரி உள்ளே போட்டுத் திரும்புகிறேன்,
முற்றத்தில் கீரியும் காகமும்.
கத்தி இல்லை, முள் இல்லை, பணம் இல்லை,
சுற்றி நின்று கத்த ஆளில்லை.
ஈரச் சேலையை உதறுகிற சத்தம் மட்டும்.
வீச்சுவலை கையில்தான் இருந்தது.
ஐந்தாவது அடியில் வீசினேன்.
நான்கை எண்ணியிருக்கிறேன்.
நன்றாக இருந்தது.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

காகத்துக்கு இடது கண் போயிற்று.
விடிய விடிய மடியில் வைத்திருந்தேன்,
அதன் நெஞ்சு என் தொடையில்
சின்ன மோட்டார் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இணை சேர்க்க வேண்டும்.
ஒதுங்கிப் போகிற சேவலாகப் பார்த்து விட்டால்
நாலு ஈட்டில் தகராறு தீரும்,
அப்புறம் அது வெறும் குழம்பு.
எதிர்த்து நிற்பதை விட்டால் வம்சம் நிற்கும்.
எதற்கு நிற்கும் என்று எனக்கும் தெரியும்,
கையுறைக்காரனுக்கும் தெரியும்.

மூன்று நாள் யோசித்துப்
பெட்டையை ஒற்றைக்கண்ணன் அடைப்பில் விட்டேன்.
இரக்கம் என்றுதான் நினைத்தேன்.
அடைக்கு மணல் பரப்பும்போது உறைத்தது:
நான் எண்ணிய நான்கிலும்
ஓரடி பின்வாங்காதவன் அவன்தான்.

பதினொரு முட்டை.
ஒவ்வொன்றிலும் வைத்த தேதியைப் பென்சிலால் எழுதினேன்.
பொங்கலுக்கு முன்னால் பொரியும்.
மண்டபத்திலிருந்து சந்தியாகு கேட்டான்,
‘தகப்பன் யாருன்னு எழுதலையா?’
முனை ஒடிஞ்சுபோச்சு என்றேன்.